மேல்கணக்குக்கு ஏறாத லொறி

1974 ஐப்பசியில், தீபாவளிக்கு முந்திய வாரம், எங்கள் தோட்டத்து லொறியின் முன் அச்சு முறிந்தது. அது கார்த்திகையில் நடந்தது என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சரியல்ல. தீபாவளிக்காவது கொஞ்சம் அரிசி கிடைக்குமா என்று கேட்டு ஆட்கள் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அப்போதுதான் மலையிலிருந்து ஒருவன் ஓடி வந்து செய்தி சொன்னான். கூட்டத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது பசியின் வருடம். மரவள்ளிக்கிழங்குக்கே ஆளுக்கு ஆள் அலைந்த காலத்தில் லொறி முறிந்தால் என்ன, முறியாவிட்டால் என்ன?

நான் அப்போது தொழிற்சாலை ஸ்டோரில் கிளாக்கர். தெமோதரை ஸ்டேஷனிலிருந்து பாதை பிடித்து ஏறினால் முதலில் தொழிற்சாலையும் கீழ்க்கணக்கும் வரும். இரண்டு மலைமடிப்புகளுக்கு அப்பால் தனியாக இருந்தது மேல்கணக்கு. மேல் பிரிவை அப்படித்தான் சொல்வோம். அங்கே ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான சில லயங்கள், கொழுந்து நிறுக்கும் ஒரு மடுவம், சுற்றிலும் பழைய தேயிலை. முனி வளைவு வரைக்கும் கல் பதித்த பாதை. அதற்கு மேலே செம்மண். ஐப்பசியில் மழை பிடித்தால் தை பிறக்கும்வரை அந்தச் செம்மண்ணில் மனிதன் நடப்பதே பாடு. ஏறக்கூடிய வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அது உலக யுத்தம் முடிந்த பிறகு பட்டாளத்தார் விற்றுவிட்டுப் போன லொறி. சாதாரண லொறியில் பின்பக்கத்துச் சக்கரங்களான பின்சில்லுகள் மட்டும் தள்ளும். இதில் முன்சில்லுகளும் இழுக்கும். பின்சில்லுகள் நாய் மண்ணைப் பறிப்பதுபோலப் பறித்துக்கொண்டு நிற்கும் இடத்தில், டிரைவர் சின்னக் கம்பி ஒன்றை முன்னுக்குத் தள்ளுவார். முன்சில்லுகள் மெல்ல மண்ணைக் கவ்வும், வண்டி முனகிக்கொண்டு ஏறிவிடும். யுத்தத்தைப் பற்றி நான் வாசித்த புத்தகங்களில் இந்த மாதிரி லொறிகள் பாலைவனத்திலும் பனியிலும் ஓடின. அவற்றின் முன் அச்சு முறிந்தால் என்ன செய்தார்கள் என்று ஒரு புத்தகத்திலும் இல்லை.

முறிந்தது அச்சின் மூட்டு. முன்சில்லு திரும்பவும் வேண்டும், திரும்பியபடியே இழுக்கவும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு முன்சில்லுக்கும் உட்பக்கத்தில் ஓர் இரும்புக் கோளத்துக்குள்ளே இரண்டு கவைகள், ஒரு கையின் விரல்களுக்குள் மறு கையின் விரல்களைக் கோத்ததுபோல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். இடையில் உருக்குக் குண்டுகள். சில்லு எப்பக்கம் வளைந்தாலும் குண்டுகள் தம் தடத்தில் உருண்டு, விசையைக் கடத்திவிடும். கோளம் நிறையக் கிரீஸ் இருக்க வேண்டும். வெளியே ஒரு தோல் வளையம் அதை ஒழுகாமல் தடுக்கும். அன்று கொழுந்துச் சாக்குகளோடு இறங்கும்போது லொறி ஓரத்துச் சேற்றில் சறுக்கியது. சில்லை முழுக்க ஒடித்து மேலே ஏற்றப் பார்த்தார் டிரைவர். வலப்பக்கத்து வெளிக் கவையின் ஒரு விரல் உடைந்து, குண்டுகள் கோளத்துக்குள் கல்லெறிந்ததுபோலச் சத்தம் போட்டன.

கொழுந்தைப் பெண்கள் தலையில் சுமந்து இறங்கினார்கள். மழையில் சாக்கு சாக்காக. லொறிக்குப் பக்கத்தில் குந்தியிருந்த டிரைவரைக் கடந்துபோகும்போது ஒருத்தி கேட்டாளாம்:

"என்னாண்ணே, நாலு காலும் நொண்டிருச்சா? எங்களுக்கு ரெண்டே காலுதான், பாருங்க எப்பிடிப் போறோம்னு!"

"போங்கடி போங்க. நாளைக்கும் இதே வாயோட சொமங்க, பார்க்கலாம்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

மறுநாளும் சுமந்தார்கள். அதற்கு மறுநாளும். ஆனால் வாய் அடங்கிவிட்டது. தொழிற்சாலைக்கு வந்து சேரும்போது கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்திருந்தது. அதில் தேயிலை போட முடியாது என்று டீமேக்கர் கையை விரித்தார். தோட்டத்தை நடத்தும் துரை வந்து ஒரு சாக்கைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகு வந்த புதிய துரை அவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். "லொறி ஏறினால் மேல்கணக்கு இருக்கும். தைப்பொங்கலுக்குள் ஏறவில்லை என்றால் அதைக் காட்டுக்கு விட்டுவிட்டு ஆட்களைப் பிரித்து அனுப்பவேண்டியதுதான்" என்றார். அவர் சொன்னதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தணியும் என்று காத்திருக்கலாம்.

இதைக் கேட்டதும் டிரைவரின் முகம் போன போக்குக்குக் காரணம் எனக்குத் தெரியும். அவருடைய அக்கா.

அக்கா மேல்கணக்கில் அவர் அறையில், அவர் பிள்ளைகளோடுதான் இருந்தாள். தோட்டத்து ஆட்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்த பிறகு, அவள் புருஷன் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டான். தம்பி இங்கேயே இருப்பதற்குப் போட்டார். இரண்டும் கிடைத்தன. புருஷன் பாஸ்போர்ட் வந்த வருடமே காய்ச்சலில் போய்விட்டான். அவள் போகவில்லை. கப்பலுக்குக் குறித்திருந்த நாள் வந்தது, கடந்தது. அவள் லயத்துக்குப் பின்னால் ஆமணக்கஞ்செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். அவள் வலது கை விரல்கள் தொழிற்சாலை ரோலரில் நசுங்கியவை. அதனால் தோட்டத்தில் பெயர்ப் பதிவும் இல்லை, வேலையும் இல்லை. பிள்ளையும் இல்லை. திருச்சிப் பக்கத்தில் தாத்தாவின் ஊர் என்று ஒரு பெயர் மட்டும் தெரியும். அங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

மேல்கணக்கில் அவளைத் தேடி ஆள் வருவதில்லை. அந்தச் செம்மண்ணில் ஏறி வந்து கேட்க எவருக்கு முடியும்? ஆனால் மேல்கணக்கை மூடினால் வேறு பிரிவில் அறை கிடைப்பது பதிவில் உள்ளவர்களுக்கு மட்டுந்தான். கீழே வந்தால், கப்பல் நாள் முடிந்தும் போகாமல் இருப்பவள் என்று பதுளை அரசாங்க ஆபீசுக்குச் செய்தி போக ஒரு நாள் போதும். லொறி ஏறும்வரை அவளுக்கு ஓர் இடம் இருந்தது. அவ்வளவுதான் கணக்கு.

மூட்டுக்காக நாங்கள் முதலில் கேட்டது கொழும்பில். ஆபீஸ் டெலிபோனில் பேசினேன். அந்த மாதிரி லொறிக்குச் சாமான் வருவது எப்போதோ நின்றுவிட்டது என்றார்கள். வேறு எதற்கும்கூட வராத காலம் அது. வெளிநாட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் தடை. சைக்கிள் குண்டு இல்லை, பிளேடு இல்லை. நான் வாசித்துக்கொண்டிருந்த இந்தியச் சஞ்சிகைகளும் பாதிக் கதையில் நின்றுபோயிருந்தன.

ஒரு சனிக்கிழமை நானும் டிரைவரும் பதுளைக்குப் போனோம். பழைய இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர், நானா என்றுதான் ஊரே கூப்பிடும், உடைந்த கவையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தக் காலத்துச் சாமான் கிளாக்கர்! இந்த லொறியில வந்த வெள்ளக்காரன்ட பேரன் மாரே இப்ப பென்சன் எடுத்தீப்பாங்க."

"இருக்கா, இல்லையா நானா?" என்றார் டிரைவர்.

"அவசரப்படாதீங்க தம்பி. ஒண்டு ஈக்கிது. ஆனா முழுசா இல்ல."

கடைக்குப் பின்னால், புல் மூடிக் கிடந்த இரும்புக் குவியலில், அதே மாதிரி ஒரு முன் அச்சு இருந்தது. அதன் தண்டு துண்டாகியிருந்தது. கவை முழுசாக இருந்தது, தடங்களில் துரு. டிரைவர் மண்டியிட்டு, தன் சாரத்தின் நுனியால் அந்தத் துருவைத் துடைக்கத் தொடங்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. வாங்குவதற்கு முன்பே துடைக்கிறாரே, நானா விலையை ஏற்றிவிடுவாரே என்று நான் நினைத்தேன். அவர் ஏற்றவில்லை.

புறப்படும்போது கிரீஸ் கேட்டேன்.

"கிரீஸா? பதுளையில கிரீஸக் கண்டு எத்தின மாசம்! எண்ட தலைக்கு வைக்கவே எண்ண இல்ல, பாருங்க." தொப்பியைத் தூக்கி வழுக்கையைக் காட்டினார். பிறகு குரலைத் தணித்து, "எறச்சிக் கடையில மாட்டுக் கொழுப்பு ஈக்கிது. உருக்கி, காரீயத் தூள் கலந்து போடுங்க. எண்ட லொறியும் இப்ப அதுலதான் ஓடுது. ஒரு கொறயும் இல்ல" என்றார்.

நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேற இல்லன்னா வாங்குங்கய்யா" என்றார். இறைச்சிக் கடைக்கு நான் மட்டும் போனேன். அவர் பஸ் நிலையத்தில் நின்றார்.

வேலையைச் செய்தவர் ஹாலிஎலையில் பட்டறை வைத்திருந்த சிங்கள மேஸ்திரி, பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தமிழ் பேசுவார், தனக்குத் தேவையான அளவு; ஐயாவுக்கு மாத்தயா, தம்பிக்கு மல்லி என்று சிங்களமும் கலந்து வரும். லொறியை முனி வளைவுக்குக் கீழே இழுத்து வைத்திருந்தோம். கல்லும் கட்டையும் அடுக்கி அச்சைத் தூக்கினார்கள். சில்லைக் கழற்றி, கோளத்தைப் பிரித்து, உடைந்த கவையைத் தண்டிலிருந்து அறுத்து எடுத்தார். நானாவின் கவையை அதே தண்டில் வைத்துப் பற்றவைத்தார். கேட்கச் சுலபமாக இருக்கிறது. தண்டும் கவையும் ஒரு நூல் கோணினாலும் குண்டு தடத்தில் உருளாது, முட்டும். பட்டறைக்கும் தோட்டத்துக்குமாகத் தீபாவளி போய்க் கார்த்திகையும் பாதி போய்விட்டது. முதல் முறை ஒட்டியது கோணிவிட்டது. அறுத்துத் திரும்ப ஒட்டினார். குண்டுகளில் இரண்டு பிளந்திருந்தன. தொழிற்சாலையில் தேய்ந்து கழித்த பேரிங் ஒன்றை உடைத்து எடுத்த குண்டுகள் கொஞ்சம் பெரிதாக இருந்தன. அவற்றுக்கு ஏற்பத் தடத்தை அரத்தால் அராவினார். அராவிய இடத்தில் உருக்கின் கடினம் போய்விடும் என்று அவரே சொன்னார்.

"சரி வருமா பாஸ்?" என்று நான் கேட்டேன்.

"சரின்னு சொல்றது எப்பிடி மாத்தயா? இது ஒடஞ்ச கால். நான் கட்டு போட்டது. ஓடுற மட்டும் ஓடும்."

"பொங்க வரைக்கும் ஓடுமா?" என்றார் டிரைவர்.

"எந்த வருசம் பொங்க?" என்று பாஸ் சிரித்தார். டிரைவர் சிரிக்காததைப் பார்த்துவிட்டு, "ஓடும் மல்லி. கொழுப்பு மட்டும் கொறையாம பாத்துக்கோ. ஒட்டின எடம் சூடாகக் கூடாது. சூடானா போச்சு" என்றார்.

உருக்கிய கொழுப்பில் காரீயத்தைக் கலந்து, களிபோலக் கறுப்பாக, பாஸ் தன் கையாலேயே அள்ளிக் கோளத்துக்குள் அப்பினார். மழைக்குளிரில் அது உடனே இறுகியது. டிரைவர் ஓரமாக நின்றார். சில்லைப் பூட்டும்போதுதான் கிட்டே வந்தார். "வா வா, கடிக்காது. இனி ஒங்க லொறி மாடு மாதிரி ஏறும்!" என்றார் பாஸ். விளையாட்டாகத்தான் சொன்னார்.

லொறி ஏறியது. செம்மண்ணில் பின்சில்லு சுழன்றது, டிரைவர் கம்பியைத் தள்ளினார், முன்சில்லுகள் கவ்வின. மடுவத்தில் நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். துரையிடம் ஒருவன் போய்ச் சொன்னான். அவர் "நல்லது" என்றார். கொழுந்து பச்சையாகவே தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தது. நான் அந்த நாட்களில் கொஞ்சம் நம்பிவிட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முனி வளைவில் சவுக்கு மரத்தடியில் ஒரு கல்லும் வேலும் இருந்தன. எங்கள் தோட்டங்களில் வேலைக்கொரு சாமி உண்டு. தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி, கவ்வாத்து வெட்டுக்கு ஒரு சாமி, கொழுந்துக்கு ஒரு சாமி. அந்த வளைவு முனி பாதைக்குக் காவல். ஏறும்போது டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, கற்பூரம் கொளுத்தி, முன்சில்லுக்கடியில் ஓர் எலுமிச்சங்காய் வைத்து நசுக்கிவிட்டுத்தான் போவார். என்ன மழையானாலும் அது தவறாது. மூட்டைப் பூட்டிய பிறகு அவர் நிறுத்தவில்லை. கல்லைப் பார்க்காமல், முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு ஓட்டினார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாக்குகளைச் சரிபார்க்க நானும் அவரோடு மேலே போனேன். லயத்தில் அக்கா தேங்காய்ச் சிரட்டையில் வெறும் தேயிலைச் சாயம் ஊற்றிக் கொடுத்தாள். சீனி இல்லை. கருப்பட்டித் துண்டு ஒன்றை எனக்கு மட்டும் வைத்தாள். அவள் தம்பியின் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"இன்னும் நாறுதுடா."

"கழுவிட்டேன்க்கா."

"கைய கழுவிட்டே. வண்டிய? முனி முன்னால மாட்டுக் கொழுப்பக் கொண்டுகிட்டு நெதம் ரெண்டு தரம் போற. அவன் பார்த்துகிட்டுதானே இருக்கான்."

"அது இல்லன்னா வண்டி ஏறாதுக்கா. வண்டி ஏறலன்னா ஒன்னய அனுப்பிருவாங்க."

"அனுப்பினா போறேன். எனக்காக நீ இந்தப் பாவத்தச் சொமக்கணுமா? நாளைக்கு அந்த வளைவுல ஒனக்கொண்ணு ஆயிருச்சுன்னா, ஒம் புள்ளைகளுக்கு நான் என்னா பதில் சொல்றது? கிளாக்கரய்யா, நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க."

பாஸ் சொன்னதையே நான் சொன்னேன்: கொழுப்பு குறைந்தால் ஒட்டு சூடாகும், சூடானால் உடையும். அவள் பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும், "எண்ணெய் போட்டா வழுக்காதா?" என்றாள். நல்ல கேள்விதான். வழுக்கும், ஆனால் நிற்காது, ஒழுகிவிடும் என்றேன். "ஒழுகினா ஊத்திகிட்டா போச்சு" என்று அவள் உள்ளே போய் ஒரு போத்தலைக் கொண்டுவந்தாள். லயத்துக்குப் பின்னால் தானே வளர்த்த ஆமணக்கின் கொட்டையை இடது கையால் இடித்து, காய்ச்சி எடுத்த விளக்கெண்ணெய். பிள்ளைகளுக்கும் தலைக்கும் என்று வைத்திருந்தது. மேல்கணக்கு முழுவதற்கும் அதுதான் மருந்து. போத்தலைத் தம்பியின் முன்னால் வைத்துவிட்டு, அதன் பிறகு அவள் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோளத்தைப் பிரித்து, கொழுப்பை வழித்து எடுத்து, மண்ணெண்ணெயால் கழுவி, விளக்கெண்ணெயை ஊற்றிப் பூட்டியிருக்கிறார். திங்கட்கிழமை முனி வளைவில் லொறி நின்றது. கற்பூரம் எரிந்தது. எலுமிச்சங்காய் நசுங்கியது. கொழுந்து எடுக்கும் பெண்கள் மலையிலிருந்து அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அன்று டிரைவர் தொழிற்சாலைக்கு வந்து இறங்கியபோது முகம் தெளிந்திருந்தது. வெகு நாளைக்குப் பிறகு என்னிடம் ஒரு பீடி கேட்டார்.

இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அன்றும் அப்படி நினைக்கவில்லை. அவர்களுக்கு இரண்டு பயங்கள் இருந்தன, இரண்டுக்கும் இடையில் ஒரு லொறி இருந்தது. துரையின் பயத்துக்கு ஒரு மருந்து, முனியின் பயத்துக்கு ஒரு மருந்து. இரண்டும் ஒரே கோளத்துக்குள் போகவேண்டியிருந்தது.

வலப்பக்க முன்சில்லின் உட்புறத்தில் எண்ணெய் கோடு விழுந்து வழிவதை நான் கண்டேன். பழைய தோல் வளையம் இறுகிய கொழுப்பைத் தாங்கியது, எண்ணெயைத் தாங்கவில்லை. பாஸிடம் காட்டச் சொன்னேன். "வர்ற ஞாயித்துக்கெழம போறேங்க. அதுவரைக்கும் ஊத்திக்கிறேன்" என்றார். காலையும் மாலையும் போத்தலும் கையுமாகச் சில்லுக்கடியில் படுத்திருப்பார். போத்தல் முடிந்தது. அக்கா லயம் லயமாகப் போய் ஆளுக்குக் கொஞ்சம் என்று எண்ணெய் வாங்கி அனுப்பினாள். எண்ணெய் வழிந்த வழியாகவே சேற்றுத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அதை அவர் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

மார்கழி பிறந்ததும் மழை விடாமல் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதற்கு முன்பே, ஒரு காலை, வெறும் லொறி ஏறிக்கொண்டிருந்தபோது, முனி வளைவுக்குச் சற்று மேலே மூட்டு மறுபடியும் உடைந்தது. இந்தத் தடவை பெரிய சத்தம் இல்லையாம். இறங்கிப் பார்க்கும்வரை டிரைவருக்கே தெரியவில்லை. முன்சில்லு சும்மா நின்றது, பின்சில்லுகள் மண்ணைப் பறித்தன.

பாஸ் வந்து கோளத்தைத் திறந்தார். செந்தண்ணீர் கொட்டியது. குண்டுகள் ஆற்றுக் கற்கள் போல எண்ணெய்ப் பசையே இல்லாமல், நீலம் பாரித்திருந்தன. ஒட்டிய இடத்தில் கவை கழுத்தோடு முறிந்திருந்தது. அவர் உள்ளே விரலை விட்டுத் துழாவினார்.

"கொழுப்பு எங்க மல்லி?"

"எடுத்துட்டேன் பாஸ்."

"ஏன்?"

டிரைவர் குனிந்து கீழே விழுந்த குண்டுகளைப் பொறுக்கினார். பாஸ் என்னைப் பார்த்தார். பிறகு சவுக்கு மரத்தடியைப் பார்த்தார். ஏதோ புரிந்துகொண்டவர் போலக் கையைத் துடைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எடுக்காட்டியும் ஒடையும். எப்பன்னுதான் எனக்கு தெரியாது" என்றார். அவர் உண்மையைச் சொன்னாரா, ஒரு மனிதனை அந்த இடத்திலிருந்து எழுந்து நடக்க வைப்பதற்காகச் சொன்னாரா? நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். அராவிய தடம், இருமுறை ஒட்டிய கழுத்து, பொருந்தாத குண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பாஸ் சொன்னதுதான் சரி. ஆனால் பொங்கல் கிட்டத்தில் இருந்தது. கொழுப்பு இருந்திருந்தால் அதுவரை தாங்கியிருக்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நானாவிடம் மறுபடியும் போனோம். இன்னொரு கவை இல்லை. துரை ஒரு நாள் குடை பிடித்துக்கொண்டு மலையேறி வந்து, சேற்றில் சரிந்து நின்ற லொறியைச் சுற்றிப் பார்த்தார். திரும்பிப் போய், சொன்னபடியே பொங்கல்வரை பொறுத்தார்.

தை மாதம் மேல்கணக்கை மூடினார்கள். மூடுவது என்றால் கதவைச் சாத்துவதுபோல் இல்லை. கவ்வாத்து வெட்டுவது நின்றது, புல் வெட்டுவது நின்றது, தேயிலை தன் பாட்டுக்கு மரமாக வளரத் தொடங்கியது. ஆட்களில் சிலரைக் கீழ்க்கணக்குக்கும், சிலரை வெலிமடைப் பக்கத்துத் தோட்டத்துக்கும் பிரித்தார்கள். யாருக்கு எங்கே என்று வாசிக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். லயத்துத் தகரத்தைக் கழற்றும் சத்தம் நாள் முழுவதும் கேட்டது. லொறி அந்த இடத்திலேயே கிடந்தது. அடுத்த வருடம் நானாவின் ஆட்கள் வந்து அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சுமந்து போனார்கள். டிரைவருக்குக் கீழ்க்கணக்கில் ஓர் அறையும் மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டும் வேலையும் கொடுத்தார்கள். ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்றாலும் கடைசிவரை அவரை டிரைவர் என்றே கூப்பிட்டோம்.

அக்காவைக் கொஞ்ச நாள் அந்த அறையில் மறைத்துப் பார்த்தார். கீழ்க்கணக்கு லயம் ஆபீசுக்கும் பாதைக்கும் பக்கத்தில். வந்தவர் போனவர் எல்லோர் கண்ணிலும் பட்டாள். பதுளையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அதட்டவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, மாசியில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் காலையில் தெமோதரை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். அவளுடைய தகரப் பெட்டியை டிரைவர் தலையில் சுமந்து வந்தார். அன்று போகிறவர்கள் வேறு தோட்டங்களிலிருந்தும் வந்திருந்தார்கள். மேடை முழுக்க அழுகை. ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, ரயில் வந்த பிறகும் விடாமல். இவள் அழவில்லை. தம்பியின் பிள்ளைகளுக்குத் தலையில் எண்ணெய் வைக்கச் சொன்னாள். தம்பி மகளிடம் ஆமணக்கு விதை முடிச்சைக் கொடுத்து, கீழ்க்கணக்கு மண்ணில் போட்டுப் பார்க்கச் சொன்னாள். என்னைப் பார்த்து, "வர்றேங்க கிளாக்கரய்யா" என்றாள். போகிறேன் என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை.

அவள் ஏறினாள். நசுங்கிய கையால் ஜன்னல் கம்பியைப் பிடிக்க முடியாமல் மறு கையை மாற்றினாள். ரயில் குகைப் பக்கம் போய் மறைந்தது.

நாங்கள் திரும்பி நடந்தோம். தொழிற்சாலைச் சந்தி வந்ததும் டிரைவர் நின்றார்.

"கிளாக்கரய்யா, நீங்க எவ்வளவோ படிக்கிறீங்க. கப்பல்ல இருந்து எறங்கினதும் அவள எங்க போகச் சொல்லுவாங்க?"

"மண்டபம்ங்கிற ஊருல கொஞ்ச நாள் வச்சிருப்பாங்க. அங்க முகாம் இருக்கு."

"அதுக்கு அப்பறம்?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன்.